மிளகாய்த்தூள் போத்தலுக்கு லோகோ: பனைமரம் வேணுமா, பெயர் மட்டும் போதுமா?

கோண்டாவில்_பிள்ளை:

வணக்கம். கன நாளாக வீட்டில் கதைத்துக் கதைத்து முடிவுக்கு வராத விஷயம், அதனால் இங்கே கேட்கிறேன்.

நானும் அம்மாவும் வீட்டோடு மிளகாய்த்தூள் செய்து விற்கிறோம். செத்தல், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாக வறுத்து மில்லில் கொடுத்து அரைப்பிப்போம். மூன்று வருடமாகிறது. 250 கிராம் போத்தல் (மஞ்சள் மூடி போட்டது), 1 கிலோ பக்கற், இரண்டு அளவுதான். முதலில் அயலுக்கும் சொந்தக்காரருக்கும் கொடுத்தோம், இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு கடை எடுக்கிறார்கள், கொக்குவிலில் ஒன்று கேட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்து போகிறவர்கள் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கட்டிக்கொண்டு போவார்கள். இதுவரை போத்தலில் வெள்ளைக் கடதாசி ஒட்டிப் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்தோம். இனி அது சரிவராது.

போன மாதம் ஒரு இடத்தில் 3,500 ரூபாய் கொடுத்து லோகோ செய்வித்தேன். நடுவில் நல்லூர்க் கோபுரம், இரண்டு பக்கமும் பனைமரம், கீழே யாழ், அதற்கு முன்னால் உரலில் இடிக்கும் பெண், சுற்றிவர செத்தல் மிளகாய் மாலை மாதிரி. பெயரைப் பொன்னிறத்தில் வளைத்து எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு நல்ல விருப்பம். ஆனால் கடை ஐயா பார்த்துவிட்டு, "பிள்ளை, இதே மாதிரி நாலு இங்க கிடக்கு" என்று தட்டைக் காட்டினார். உண்மைதான். ஒரு ஒடியல் மா, ஒரு ஊறுகாய், இரண்டு தூள், நாலிலும் பனை நிற்கிறது.

இப்போது ஒரு தம்பி 18,000 கேட்கிறார், கொழும்பில் ஒரு கொம்பனி 65,000 கேட்கிறது. எதற்கு இந்த வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா, பெயரை இங்கிலிஷில் மட்டும் போடு, அப்போதுதான் தரமாகத் தெரியும் என்கிறார். பெயரை இங்கே எழுதவில்லை, இன்னும் பதியவில்லை. பழைய லோகோவைத் திருத்தலாமா, புதிதாகச் செய்வதா? தமிழா, இங்கிலிஷா? பதிவுக்கு எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சக_அண்ணை:

தங்கச்சி, நான் இருபது வருடத்துக்கு மேல் அச்சகத்தில் நிற்கிறவன். முதல் கேள்வி, உங்களிடம் அந்த லோகோ எந்த வடிவில் இருக்கிறது? வட்ஸ்அப்பில் வந்த படம் மட்டும்தான் என்றால் உங்களிடம் லோகோ இல்லை, அதன் போட்டோதான் இருக்கிறது. அதை லேபலில் அடிக்கலாம், நாளைக்குக் கடை வாசலில் ஆறடிப் பலகை வைக்கப் போனால் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். கோரல் ட்ரோ, இலஸ்ட்ரேட்டர் போன்ற வரைதல் மென்பொருளில் கோடாக வரைந்த மூலக்கோப்பைக் கேளுங்கள், கூடவே பி.டி.எஃப் ஒன்றும் வாங்குங்கள். எழுத்துகளை வளைகோடாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேறு கணினியில் திறக்கும்போது எழுத்துரு இல்லாமல் பெயர் குழம்பும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத இங்கிலிஷ் எழுத்தாக நிற்கும், அப்படி வருகிறவர்களை நான் கிழமைக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடில் அடித்தாலும் கவனம் வேணும். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவுசெய்யாமல் அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து போய் நிற்கும். ஒருவர் "கொத்தமல்லி" என்று இரண்டாயிரம் லேபல் அடித்துக்கொண்டு போனார், எங்களிடம் அல்ல. "க" தனியாக, கொம்பு அதற்குப் பின்னால், நடுவில் ஒரு புள்ளி வட்டம். பெட்டியோடு அப்படியே கிடந்தது. அச்சுக்குப் போக முதல் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கடதாசியில் எடுத்து எழுத்து எழுத்தாகப் பார்க்க வேணும். போன் திரையில் பார்த்து ஓம் சொல்லக்கூடாது.

நிறம். திரையில் தெரிகிற சிவப்பு வெளிச்சத்தால் ஆனது. அச்சில் நீலப்பச்சை, மஜென்ரா என்ற ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையைக் கலந்துதான் அந்தச் சிவப்பைக் கொண்டுவர வேணும், கொஞ்சம் மங்கித்தான் வரும். பொன்னிறம் அதைவிட மோசம், சாதாரண அச்சில் அது மஞ்சளும் மண்ணிறமும் கலந்த சேறு மாதிரித்தான் விழும். உண்மையான பொன் வேணுமென்றால் தனி மை, அல்லது பொன் தகடு ஒட்டும் வேலை, இரண்டுக்கும் தனிக் காசு. அதோடு உங்கள் தூள் வறுத்த தூள், கருஞ்சிவப்பு. தெளிந்த போத்தலில் சிவப்பு எழுத்தை நேரே ஒட்டினால் பின்னால் இருக்கும் தூளோடு எழுத்து கலந்து காணாமல் போகும். லேபலுக்கு வெளிர்ந்த அடிநிறம் கட்டாயம் வேணும்.

சும்மா கடதாசி லேபல் வேண்டாம். தூள் கையோடு தொட்டுத் தொட்டு இரண்டு கிழமையில் எண்ணெய் ஏறி லேபலின் ஓரம் மஞ்சளாகும். மேலே மெல்லிய பிளாஸ்ரிக் படலம் போட்ட ஸ்ரிக்கர் எடுங்கள். அச்சடித்த பைக்கு இப்போது போகாதீர்கள், அதற்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் வெட்ட வேணும், ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் கட்டும். பிறகு பொருட்பட்டியலில் ஒரு சொல் மாற்ற வேண்டி வந்தால் அவ்வளவும் வீண். லேபல் அடிக்க முதல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) போய் உணவு லேபலில் என்னென்ன இருக்க வேணும் என்று கேட்டு எழுதி வாருங்கள். நிறை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், பொருட்பட்டியல், உங்கள் முகவரி, இதற்கெல்லாம் இடம் விட்ட பிறகு மிஞ்சுகிற இடம்தான் லோகோவுக்கு. கனபேர் தலைகீழாகச் செய்துவிட்டுத் திகதி அடிக்க இடம் தேடுகிறார்கள்.

உயிர்மெய்:

நான் எழுத்து வடிவமைப்பு வேலை செய்கிறேன், அச்சக அண்ணை சொன்னதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கோபுரம், பனை, யாழ், உரல், மிளகாய். ஐந்தும் நல்ல படங்கள்தான். ஆனால் அவை யாழ்ப்பாணம் என்று சொல்கின்றன, நீங்கள் யார் என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக் கடையில், யாழ்ப்பாணத்துச் சாமானுக்கு நடுவில், யாழ்ப்பாணம் என்று சொல்லி ஒருவரும் வேறுபட முடியாது. பனை ஒரு ஒடியல் மாவுக்கோ பனங்கட்டிக்கோ இருந்தால் எனக்கு விளங்கும், பொருளே அதிலிருந்து வருகிறது. மிளகாய்த்தூளுக்கு எதற்குப் பனை? கோபுரம் இன்னும் சங்கடம். பக்கற்றைக் கிழித்துக் குப்பையில் போடுகிற பொருளில் கோவிலை அச்சிட்டால் மனம் நோகிற ஆட்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன்.

லோகோ என்றதும் எங்கள் ஆட்கள் படத்தைத்தான் தேடுகிறார்கள். உலகத்தில் அதிகம் தெரிந்த வணிக அடையாளங்களில் ஒன்றான கோகோ கோலா வெறும் எழுத்துதான். 1886ல் அதைக் கையால் எழுதியவர் ஓவியர் இல்லை, அந்தக் கொம்பனியின் கணக்காளர் பிராங்க் ரொபின்சன், அந்தக் காலத்து இங்கிலிஷ் கையெழுத்துப் பாணியில் எழுதினார். நைக்கியின் வளைகோட்டை 1971ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டொலருக்கு வரைந்தார். அந்தக் கோட்டில் சப்பாத்தும் இல்லை, ஓடுகிற ஆளும் இல்லை. மாற்றாமல் வைத்திருந்ததால்தான் அதற்கு அர்த்தம் ஏறியது. உங்கள் மூன்று வருட உழைப்பையும் அம்மாவின் கைப்பக்குவத்தையும் ஒரு படத்துக்குள் திணிக்கத் தேவையில்லை, அது தூளின் வாசத்தில் இருக்கிறது. பெயர் வடிவாக, தெளிவாக, வேறு யாருடையதோடும் குழம்பாமல் இருந்தால் போதும்.

சரி, பெயர் எழுதுவது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். தமிழ் எழுத்து அகலம் கூடியது. "யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்" என்று ஒரே வரியில் போத்தலில் எழுதிப் பாருங்கள், வாசிக்கப் போத்தலைக் கையில் எடுத்துச் சுழற்ற வேண்டி வரும், ஏனென்றால் தட்டில் நிற்கும் போத்தலில் ஒரே பார்வையில் வாசிக்கக்கூடிய இடம் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குதான். பெயர் அந்த இடத்துக்குள் நிற்க வேணும். மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் இரண்டு வரியை நெருக்கினால் "ணி"யின் விசிறி மேல்வரியில் முட்டும். அலங்கார எழுத்துருக்கள் சிலவற்றில் "ர"வும் காலும் ஒரே மாதிரி இருக்கும், பெயரில் அந்த இரண்டும் இருந்தால் வாசிப்பவர் தடுமாறுவார். வளைத்து எழுதினால் எல்லாமே கூடிப் போகும், அதை முதலில் நேராக்குங்கள். காசு இல்லையென்றால் முக்தா மலர், கட்டமரான், பாலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் இருக்கின்றன, வியாபாரத்துக்கும் பாவிக்கலாம். அதில் ஒன்றை எடுத்து ஒரு எழுத்தை மட்டும் உங்களுக்கென்று திருத்தினாலே தனி முகம் வந்துவிடும். ஆயத்த லோகோ தருகிற இணையத்தளங்களில் படம் எடுக்காதீர்கள், அதே மிளகாயை இன்னும் ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள், வியாபாரக் குறியாகப் பதியவும் பெரும்பாலும் முடியாது.

விலை வித்தியாசம் கேட்டீர்கள். 3,500க்குச் செய்தவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டார்? எங்கே விற்கிறீர்கள், பக்கத்தில் என்ன நிற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று கேட்டாரா? காசு பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான். 18,000 கேட்கிற தம்பி அதைக் கேட்டு, மூலக்கோப்பும் தந்து, கறுப்பு வெள்ளையில் ஒரு வடிவமும் தந்தால் உங்களுக்கு அவர் போதும். 65,000 உங்கள் அளவுக்கு இப்போது தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒரு கேள்வி. கடைக்கு வருகிறவர்கள் உங்கள் தூளை என்ன சொல்லிக் கேட்கிறார்கள்? பெயர் சொல்லியா, வேறு ஏதும் சொல்லியா? முதலில் அதைக் கடை ஐயாவிடம் கேட்டு வாருங்கள். 2009ல் அமெரிக்காவில் ட்ரொப்பிக்கானா தோடம்பழச்சாறு பெட்டியை மாற்றினார்கள், ஸ்ட்ரோ குத்திய தோடம்பழப் படத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் குவளையில் சாறு போட்டார்கள். சனம் தட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் குறைப்பட்டது, இரண்டு மாதத்துக்குள் பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். சனத்தின் கண் எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது.

நெல்லியடி_அக்கா:

பிள்ளை, பெயரை இங்கே எழுதாமல் விட்டது நல்ல வேலை. நாங்கள் தட்டைவடை போடுகிறவர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டு, பெயர் எங்களுடையதாகிவிட்டது என்று ஆறு வருடம் நிம்மதியாக இருந்தோம். பிறகு வேறு மாவட்டத்தில் ஒருவர் அதே பெயரில், கிட்டத்தட்ட அதே எழுத்தில், பக்கற் போட்டுக் கொழும்புக் கடைகளுக்குக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டோம். சட்டத்தரணியிடம் போனபோதுதான் விளங்கியது, அந்தப் பதிவு இன்ன பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதற்குத்தான். பெயருக்கும் இலச்சினைக்கும் உரிமை வேணுமென்றால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகத் தனியே பதிய வேணும். 2003ம் ஆண்டின் 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருவது. பதிந்தால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கலாம். பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், உங்கள் தூள் 30ம் வகுப்பில் வரும். முதலில் அதே மாதிரி வேறு குறி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேணும், கன நாள் எடுக்கும், அதனால் லேபல் அடிக்க முதலே விண்ணப்பத்தைப் போடுங்கள். நாங்கள் கடைசியில் பெயரை மாற்றினோம். அந்த மனுசன் எங்களுக்கு முதல் விண்ணப்பம் போட்டிருந்தார். பெயர் மாறிய முதல் மூன்று மாதமும் கடைக்காரர் "இது டூப்ளிக்கேற்" என்று திருப்பி அனுப்பினார்கள், எங்கள் வடையை எங்கள் வடை என்று நாங்களே விளங்கப்படுத்த வேண்டி வந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

இன்னொன்று, "யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்" என்று ஊரையும் பொருளையும் மட்டும் வைத்துப் பெயரிட்டால் அதைப் பதியக் கேட்டும் பிரயோசனமில்லை, அது எல்லோருக்கும் பொதுவான சொல். வேறு எதற்கும் இல்லாத ஒரு சொல் முன்னால் வேணும். டிசைன் செய்கிற தம்பியிடம், இந்த வேலையின் உரிமை முழுவதும் எனக்கு என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தம்பி நல்லவராக இருக்கலாம், கடதாசி இருந்தால் இருவருக்கும் நல்லது.

எங்கள் வயது ஆட்களுக்கு மில்க்வைற் சவர்க்காரம் தெரியும். யாழ்ப்பாணத்தில் செய்த சாமான். "மில்க்வைற் செய்தி" என்று ஒரு சஞ்சிகையே வெளியிட்டார்கள், பனை வளர்க்கச் சொன்னார்கள். அந்தப் பெயர் நின்றதற்கு அவர்கள் சனத்துக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். லோகோ எப்படி இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது, பெயர் மட்டும் மறக்கவில்லை.

ஸ்காபரோ_கடைக்காரன்:

இங்கிலிஷ் மட்டும் போடு என்று உங்கள் அண்ணா சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. நான் கனடாவில் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இங்கே தட்டில் சாமான் வைக்க வேணுமென்றால் பொருட்பட்டியல் போன்ற கட்டாய விபரங்கள் இங்கிலிஷிலும் பிரெஞ்சிலும் இருக்க வேணும். இங்கிலிஷ் மட்டும் போட்டாலும் காணாது. அதை ஏற்றுமதிக்குத் தனி ஸ்ரிக்கராகப் பின்பக்கம் ஒட்டலாம், முன்பக்கத்தைக் கெடுக்கத் தேவையில்லை. கடைகளுக்கு விற்க நினைத்தால் பட்டைக் குறியீடும் எடுத்து வையுங்கள், இலங்கையில் எடுத்தால் 479 என்று தொடங்கும்.

ஆனால் முன்பக்கத்தில் தமிழை எடுக்காதீர்கள். என் கடைக்கு வருகிற அம்மாமார் தமிழ் எழுத்தைக் கண்டுதான் தட்டுக்குக் கிட்ட வருகிறார்கள், இங்கிலிஷ் மட்டும் போட்ட தூள் வேறு நாட்டுத் தூளோடு கலந்து நிற்கும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அவர்களுக்காகக் கீழே சின்னதாக இங்கிலிஷில் பெயர் இருக்கட்டும், ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில். இங்கிலிஷில் ழகரத்தை ஒரு லேபலில் ஒரு மாதிரியும் முகநூலில் இன்னொரு மாதிரியும் எழுதினால் தேடுகிறவருக்கு நீங்கள் அகப்பட மாட்டீர்கள்.

கோண்டாவில்_பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி, இரவு அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நெல்லியடி அக்கா எழுதியதைக் கேட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல்ல பதிவுக்குப் போ" என்றார். படிவத்துக்குக் கேட்டிருக்கிறேன். இன்று காலை பி.எச்.ஐ.யையும் கண்டேன்.

உயிர்மெய் கேட்டதை இரண்டு கடையிலும் விசாரித்தேன். யாரும் எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லையாம். "மஞ்சள் மூடித் தூள் தாங்கோ" என்றுதான் கேட்கிறார்களாம். எனக்கு உண்மையில் அதிர்ச்சி. அந்த மூடி நாங்கள் தெரிந்து எடுத்ததே இல்லை, போத்தல் வாங்கின அன்று கடையில் மஞ்சள் மட்டும்தான் மிச்சம் இருந்தது. கொக்குவில் கடைக்கு அனுப்பப் போகும் போத்தலுக்கு வடிவாக இருக்கும் என்று சிவப்பு மூடி பார்த்து வைத்திருந்தேன், அதை விட்டுவிட்டேன்.

18,000 கேட்ட தம்பியோடு கதைத்தேன். பெயர் இரண்டு வரியில், நேராக, கறுப்பு எழுத்து, அடிநிறம் மூடியின் மஞ்சள், படம் ஒன்றும் இல்லை. அம்மா பனையை விட மனமில்லாமல் இருக்கிறார், பின்பக்கத்தில் முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வைக்கலாமா என்று கேட்கிறார்.

அச்சக_அண்ணை:

பின்பக்கத்தில் வையுங்கள், ஒரே நிறத்தில், கோடாக, அம்மாவுக்காக. மூடி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அச்சகத்தில் காட்டி அதே மஞ்சளுக்கு மாதிரி அடித்துப் பாருங்கள், முதல் தரம் பச்சை கலந்து வரும், கொஞ்சம் மஜென்ரா கூட்டச் சொல்லுங்கள். சரிவந்த கலவையின் அளவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூடி விற்கிறவரிடம் இப்போதே ஆயிரம் மூடி ஒரே தொகுதியில் எடுத்துவிடுங்கள், அடுத்த தொகுதியில் மஞ்சள் மாறும்.

உயிர்மெய்:

மாதிரி லேபல் வந்ததும் உடனே அச்சுக்குக் கொடுக்காமல் ஒரு போத்தலில் ஒட்டிக் கடைத் தட்டில் மற்றவற்றோடு வைத்து, வாசலில் நின்று ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பெயரை மறைத்துவிட்டு. எழுத்தின் தடிப்பும் மஞ்சளும் அந்தத் தூரத்தில் எப்படித் தெரிகின்றன என்று பார்க்க வேணும்.